முன்சக்கரத்துச் சந்தனம்

"…அந்த ஒரு எடத்த மட்டும் விட்ருங்க தம்பி. மத்ததெல்லாம் மொகம் பாத்துத் தல சீவுற மாதிரி ஆக்கிருங்க. அந்த எடத்துல மட்டும் ஒங்க பஞ்சு படக்கூடாது. அது மனுசன் வேலையில்ல பாருங்க, அவ வச்ச ஒப்பம்."

'அவ' என்று வேன் அக்கா சொன்னது அம்மனை. ஒப்பம் என்று சொன்னது வேனின் இடது முன்சக்கரத்து விளிம்பில் காய்ந்து தடித்துப்போயிருந்த சந்தனப் பொட்டை. இரண்டு கையிலும் பை இருந்ததால் தாடையால்தான் காட்டினார். சரிங்க அக்கா என்றேன். அம்மன் ஒப்பம் வைத்த இடத்தில் மெஷினைக் கொண்டுபோக எனக்கென்ன பைத்தியமா?

ஹந்தானை ரோட்டில், டவுனை விட்டு ஏறத் தொடங்கியதும் வரும் ஒரு வளைவில் எங்கள் வீடு. வாசலில் ஒரு வாகனம் நிற்க இடமும், அதற்குக் காலை நேரத்து நிழல் கொடுக்க ஒரு பலாமரமும் உண்டு. என் தொழிற்சாலை அவ்வளவுதான். வீட்டுக்குள்ளிருந்து ஒரு நீள வயர், அதன் நுனியில் ஒரு ட்ரில் மெஷின், ட்ரில்லின் வாயில் துளையாணிக்குப் பதிலாகக் காளான் வடிவில் ஒரு பஞ்சு. கார் பெயின்டையும் சக்கரங்களையும் மினுக்கித் தருவது என் வேலை.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நான் வேலை பார்த்த ஹார்ட்வெயார் கடையில் ஆட்களைக் குறைத்தார்கள். கையில் மிஞ்சியது அந்த ட்ரில் ஒன்றுதான். பிறகு ஒருநாள் அக்குறணையில் ஒரு கடை வாசலில் இந்தப் பஞ்சுச் சாமான்கள் பந்து, கூம்பு, காளான் என்று கோத்துத் தொங்குவதைப் பார்த்து நின்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்; அந்தக் கடைக்கார நானா ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அமுக்கினார்.

"புடிச்சிப் பாருங்க தம்பி. இத வெச்சித் தேய்க்கிற இல்ல, தடவுறது. புள்ளட தலயத் தடவுற மாதிரி. தேச்சா பெயின்ட் கழண்டு வரும், தடவினா மினுக்கம் வரும். அவ்வளவுதான் இதுல ஈக்கிற வித்த."

மனிதர்கள் இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கொரு ஆசை. ஊரில் மற்றவர்கள் தபால் முத்திரை சேர்ப்பது போல நான் பேச்சைச் சேர்ப்பேன். நானாவின் அந்த ஒரு பேச்சுக்காகவே காளானை வாங்கிவிட்டேன். அப்புறம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, வீட்டுச் சட்டி மூடிகளிலும் கேட்டிலும் பழகினேன். மனைவி அடுப்படியிலிருந்து, "மூடியெல்லாம் மொகம் பாக்குது, சட்டிக்குள்ளதான் ஒண்ணும் வேகல" என்றாள். அதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

எதிரே த்ரீவீல் ஆட்டோ நிறுத்தும் தம்பிக்கு நான் பஞ்சுமிட்டாய் அண்ணன். "அண்ணே, இன்னிக்கு என்ன கலரு?" என்று தினமும் காலையில் கேட்காவிட்டால் அவனுக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாது.

வேன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். முன்பு பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், ஆயாவாக இருந்தவர். அந்தக் குழந்தைகள் வளர்ந்து டவுன் பள்ளிக்கூடங்களுக்குப் போகத் தொடங்கியதும், இவரும் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, பழைய வேன் ஒன்றை வாங்கி, அவர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவரத் தொடங்கினார். "அப்ப தூக்கிக்கிட்டு நின்னேன், இப்ப ஒக்காந்து தூக்குறேன், வேறென்ன?" என்பார். வழியில் இறங்கும் பிள்ளைகளில் எங்கள் மகளும் ஒருத்தி.

அன்று ஆயுத பூசைக்கு முதல் நாள். பள்ளிக்கூடத்தில் சரஸ்வதிக்கு வாணி விழா. காலையில் வேன் நின்றபோது உள்ளே ஒரே பாவாடையும் கனகாம்பரமுமாக இருந்தது. எங்கள் மகளும் பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். கசங்கிவிடும் என்று மனைவிதான் அவளைத் தூக்கி டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டில் வைத்தாள். அந்த வகை வேன்களில் முன்சீட்டுக்கு நேர் கீழேதான் முன்சக்கரம். ஏறும்போது மகள் குனிந்து சக்கரத்துச் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்வார்கள். தாய்மாரும் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

அந்தப் பொட்டு வந்த கதை எங்கள் ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். வேன் வாங்கி வந்த அன்று கோயில் வாசலில் பூசை போட்டார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து அக்கா வண்டியை எடுத்தார். மற்றவை சும்மா நசுங்கின. இடது முன்சக்கரத்துப் பழம் மட்டும் படாரென்று வெடித்து, சாறு சக்கரத்து விளிம்பெல்லாம் தெறித்தது. பூசாரி கையைத் தட்டி, "போச்சு, இருந்த கண்ணெல்லாம் இதோட போச்சு" என்றாராம். சில மாதம் கழித்து, சாறு தெறித்த அதே இடத்தில், டயரும் உலோகமும் சேரும் விளிம்போரமாக, மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. சாறு பட்டு உலோகம் பொரிந்த தழும்பு என்று அக்கா முடிவு செய்தார். தெய்வம் கண்ணேற்றை வாங்கிக்கொண்டதற்கு அடையாளம். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் வேனுக்குச் சாம்பிராணி காட்டும்போது அந்தக் கோட்டின்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். பழையதை வழிப்பதில்லை, மேலே மேலே வைப்பதுதான். நான் பார்க்கும்போது ரூபாய் நாணயக் குற்றி கனத்துக்கு ஏறியிருந்தது.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அக்கா வேனை என்னிடம் கொண்டுவந்தார். விடுகிற நேரம் வரை வண்டி எனக்கு. நாளைக்குப் பூசை, அதற்குள் வேன் கல்யாணப் பெண் மாதிரி இருக்க வேண்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பூவும் பழமும் வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவர், ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார்.

"தம்பி, அந்த டயருக்குக் காத்து கொஞ்சம் கம்மியா தெரியும், பயந்துறாதீங்க. காம்பராவுல எப்பவும் ஒரு புள்ள பசி பசின்னு நிக்கும்ல, அந்த மாதிரி இது. திங்கக்கெழமையானா ஊட்டியே ஆவணும்."

பசிக்கார டயர்! நான் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த த்ரீவீல் தம்பியைக் கூப்பிட்டு அவனுக்கும் சொன்னேன். அவனும் சிரித்தான். பேச்சின் அழகை அப்படிச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று ஒரு நொடி யோசிக்கவில்லை.

நிழல் இருக்கும்போதே உடம்பை முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய தகரத்தில் மினுக்குப் பசை காய்ந்து அப்பளமாக ஒட்டிக்கொள்ளும். வேன் பிறந்தபோது வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது புளித்த மோர் நிறம், தொட்டால் விரலில் மாவு. முதலில் கழுவி, துடைத்து, பஞ்சில் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்தேன். பஞ்சைத் தகரத்தில் அமர்த்திவிட்டுத்தான் ட்ரில்லின் விசையை அழுத்த வேண்டும். காற்றில் சுழலவிட்டால் பசை முழுவதும் நம் முகத்தில். பிறகு மெதுவான வேகம், ஒரே இடத்தில் நிற்காத கை. விளிம்பு வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டும், அங்கேதான் பெயின்ட் மெலிசு. துணியால் ஒரு துடைப்பு. மோருக்குள்ளிருந்து பால் எட்டிப் பார்த்தது. இன்னொரு துடைப்பில் பலாமரம் தலைகீழாகத் தெரிந்தது.

"பஞ்சுமிட்டாய் அண்ணே, வேனுக்குள்ள இருந்த இன்னொரு வேன வெளிய எடுத்துட்டீங்களே!" என்றான் த்ரீவீல் தம்பி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு சக்கரங்கள். அலோய் சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே விரல் போகாத மூலைகளில் பிரேக் தூசி கறுத்து இறுகியிருக்கும். காளான் அங்கேதான் தன் வேலையைக் காட்டும், மூலைக்கேற்ப நசுங்கி உள்ளே போய்ச் சுழலும். ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில்தான் இடது முன்சக்கரத்துக்கு வந்தேன். ஒப்பம் வைத்த சக்கரம். அரிசிப் பையில் ஒரு துண்டு வெட்டி, பொட்டின்மேல் மூடி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டினேன். அந்தப் பக்கமே போகாமல் மற்ற இடமெல்லாம் மினுக்கினேன். கடைசியாகச் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, மீந்த பசையைக் கழுவிவிட்டு, டேப்பைப் பிடித்து இழுத்தேன்.

பொட்டு முழுதாக டேப்போடு வந்துவிட்டது.

சோப்புத் தண்ணீர் எப்படியோ அடியில் ஊறியிருக்கிறது. பிஸ்கட் மாதிரி, உடையாமல், மேலே குங்குமத்தோடு என் கையில் கிடந்தது. நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் பூசைக்கு முதல் நாள், அக்கா அவ்வளவு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இப்படி உரிந்துகொண்டு வந்தால்? திரும்ப ஒட்டிப் பார்த்தேன். நொறுங்கிக் கொட்டியது.

"ஏ புள்ள!" என்று மனைவியைக் கூப்பிட்டேன். ஓடி வந்தவள் தரையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ, என்னங்க இது? சரி சரி, அக்கா வர்றதுக்குள்ள நான் சந்தனம் கரைச்சுட்டு வர்றேன். அதே மாதிரி தடிப்பா வச்சிருவோம்."

உள்ளே போய்ச் சாமி மேடையிலிருந்து சந்தனத்தை எடுத்து, ஒரு மூடியில் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு வந்தாள். நான் சக்கரத்தின் முன் குந்தி, ஒரு கட்டி சந்தனத்தை நடுவிரலில் அள்ளினேன். வைக்கிற இடம் தெரிய வேண்டுமே என்று குனிந்தேன். அந்த மயிரிழைக் கோடு, ஈரத்தில், முதல்முறையாகச் சந்தனம் இல்லாமல் என் கண்முன் இருந்தது.

கோட்டின்மேல் குமிழியாக ஒரு முட்டை எழும்பியது.

கடுகு அளவுக்குச் சோப்பு முட்டை. பக்கத்தில் இன்னொன்று. முதலாவது உடைந்தது, அதே இடத்தில் வேறொன்று வந்தது. சோறு கொதிக்கத் தொடங்கும்போது பானை ஓரத்தில் வரிசையாக வருமே, அப்படி அந்தக் கோடு நெடுக வரிசையாக வந்துகொண்டே இருந்தது. யாரும் தொடவில்லை, காற்று அடிக்கவில்லை. நான் துணியால் துடைத்தேன். வெறும் கோடு. மறுபடி சோப்புத் தண்ணீர் தெளித்தேன். மறுபடி முட்டைகள். கன்னத்தை நனைத்துக்கொண்டு கிட்டே கொண்டுபோனேன். ஊசி நுனியளவு குளிர் கன்னத்தில் பட்டது.

"பூசுங்களேன் சீக்கிரம்" என்றாள் மனைவி.

"இது மூச்சு விடுது புள்ள."

"என்னது?"

"தழும்பு இல்ல இது. வெடிப்பு. சக்கரமே வெடிச்சிருக்கு. காத்து இதுவழியாத்தான் போகுது."

விரலில் சந்தனம் அப்படியே இருந்தது. இன்னும் ஒரு நொடியில் அந்த வாயை நானே பூசி அடைத்திருப்பேன். கட்டியை மூடிக்குள்ளேயே வழித்துப் போட்டு, விரலைச் சட்டையில் துடைத்தேன்.

மனைவி மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தாள். முன்சீட்டைப் பார்த்தாள், கீழே சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு எனக்கே கேட்டும் கேட்காத குரலில், "காலைல நாந்தானே புள்ளயத் தூக்கி அதுல வச்சேன்" என்றாள்.

ஹந்தானை ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கம் மலை, மறுபக்கம் மரங்களின் உச்சி. ஓடும்போது அந்தச் சக்கர விளிம்பு விட்டுக்கொடுத்தால் டயர் சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். அதற்கப்புறம் ஸ்டியரிங் யார் பேச்சையும் கேட்காது. எத்தனை மாதமாக இது மேலும் கீழும் ஓடியிருக்கிறது? ஒவ்வொரு வெள்ளியும் நாங்கள் அதற்குச் சந்தனம் பூசி, தொட்டுக் கும்பிட்டு, அதன்மேலேயே பிள்ளைகளை ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

அக்கா வந்தார். கையில் மாலையும் எலுமிச்சம்பழப் பையும். தூரத்திலேயே வேனைப் பார்த்து முகம் மலர்ந்தது. "அடியாத்தி! இது என் வேனுதானா?" என்றபடி சுற்றி வந்தவர், இடது சக்கரத்தண்டை நின்றார். சிரிப்பு அப்படியே நின்றது.

"எங்க தம்பி பொட்டு?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அது தானா வந்துருச்சு. ஆனா அது பெரிசில்ல. நீங்க இதப் பாருங்க."

"பெரிசில்லையா? நான் என்னா சொல்லிட்டுப் போனேன்? தமிழ்லதானே சொன்னேன்?"

"அக்கா, ஒரு நிமிசம். குனிஞ்சு பாருங்க." தண்ணீரைத் தெளித்தேன். முட்டைகள் வந்தன.

"சோப்புப் போட்டா நொரதான் வரும். அதுக்கு நான் குனியணுமா?"

"மத்த எடத்துல வரல பாருங்க அக்கா. கோட்டுல மட்டும்தான் வருது. சக்கரம் வெடிச்சிருக்கு."

அக்கா நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீங்க பஞ்சு புடிக்கிற ஆளு. மினுக்கச் சொன்னா மினுக்கணும். கராஜ் பாஸ் வேல எப்ப படிச்சீங்க? இந்தச் சக்கரம் இன்னிக்கு நேத்தா ஓடுது? மழையில ஓடியிருக்கு, மண்ணு சரிஞ்சப்ப ஓடியிருக்கு. அவ ஒப்பம் இருக்கங்காட்டிதான் ஓடியிருக்கு. அதப் பிச்சு எறிஞ்சிட்டு எங்கிட்டயே கதை சொல்றீங்களா? சாவியக் குடுங்க. புள்ளைங்க விடுற நேரமாச்சு."

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. பாஸ் வேலை தெரியுமா என்றால் தெரியாதுதான். மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் இல்லை. ஆனால் கை பைக்குப் போகவில்லை.

சத்தம் கேட்டு த்ரீவீல் தம்பி ரோட்டைத் தாண்டி வந்தான். குந்தி, நகத்தால் கோட்டைக் குறுக்கே கீறிப் பார்த்தான். நகம் அதில் சிக்கி நின்றது. அவன் முகத்திலிருந்த கேலி காணாமல் போனது.

"அக்கா… இது கறையில்ல. நகம் எறங்குது."

"நீயுமாடா?"

"எங்கயாச்சும் இடிச்சீங்களா அக்கா?"

"நான் எங்க இடிக்கிறேன்? புள்ளைங்கள வச்சிக்கிட்டு…" என்று தொடங்கியவர் நிறுத்தினார். "மேல பாலத்துக் கட்டுல ஒருக்கா ஏறுச்சு. லொறிக்கு வழி விடப்போயி. அதெல்லாம் எப்பவோ."

அக்கா மாலையையும் பையையும் மனைவி மடியில் வைத்தார். நான் குந்தி வேலை செய்யும் சாக்கைத் தரையில் விரித்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த உடம்போடு மல்லாந்து படுத்து, தலையை வேனுக்கு அடியில் விட்டார். போன் வெளிச்சத்தைச் சக்கரத்தின் உட்பக்கம் பிடித்தார். எங்களுக்கு அவருடைய கால்களும் வெள்ளிக் காப்பு போட்ட ஒரு கையும்தான் தெரிந்தன. அந்தக் கை விளிம்பின் உட்புறம் தடவிக்கொண்டே போனது. ஓரிடத்தில் நின்றது. திரும்பி வந்து மறுபடி அங்கேயே நின்றது.

அவர் வெளியே வரவில்லை. வந்த பேச்சும் வேனுக்கு அடியிலிருந்துதான் வந்தது.

"உள்ளுக்கும் இருக்கு தம்பி."

"ஆமாங்க அக்கா."

"எலுமிச்சம்பழம் உள்ளுக்கு எப்புடிப் போகும்?"

மனைவி எழுந்து போய், கையைக் கொடுத்து அவரை எழுப்பி உட்கார வைத்தாள். முதுகெல்லாம் சோப்புத் தண்ணீர். மூக்கில் கிரீஸ். அக்கா சக்கரத்தைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நான் தூக்கி வளத்ததுங்க" என்றார். "ஒண்ணொண்ணும் எந்தப் பக்கம் ஒருக்களிச்சா தூங்கும்னு எனக்குத் தெரியும். அதுங்கள இதுமேல வச்சி…"

ஸ்பேர் வீல் எங்கே என்று த்ரீவீல் தம்பி கேட்டான். மேலே தோட்டத்தில், அவருடைய லயத்து வரிசை வீட்டில் கிடக்கிறதாம். புத்தகப் பைகள் வைக்க இடம் வேண்டும் என்று கழற்றி வைத்தது; இனிப் போய் எடுத்து வந்து மாட்ட நேரமில்லை. நான் வேறு வேன்களைக் கேட்டுப் பார்ப்போம் என்று போனை எடுத்தேன். தெரிந்தவர்கள் இரண்டு பேரும் தங்கள் பிள்ளைகளை ஏற்றவே இடமில்லை என்றார்கள். டவுனில் வாணி விழா முடிந்து பிள்ளைகள் கேட்டண்டை வந்து நிற்கிற நேரம். ஹந்தானைக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, தாய்மாருக்கு ஒரு போன் கோல் குடுத்துச் சொல்லிருவோமா?" என்றேன்.

"எல்லாரும் மலையில நிக்கிறாங்க தம்பி. போனு எடுக்காது. எடுத்தாலும் என்னான்னு சொல்ல? வேனு வரலன்னு ஒரு நாள் கேட்டாப் போதும், நாளைக்கே வேற வேனுல ஏத்திருவாங்க. ஏத்தணும். நானா இருந்தாலும் ஏத்துவேன்."

த்ரீவீல் தம்பி தலையைச் சொறிந்தான். அவன் கெட்டவன் இல்லை, அக்காவுக்கு உதவத்தான் சொன்னான். "அக்கா, ஒண்ணு சொல்றேன். கீழ போறது வெறும் வேனுதானே? காத்த நல்லா அடிச்சிட்டு, மெல்ல உருட்டிக்கிட்டு எறங்குங்க. வரும்போதும் ரெண்டாவது கியர்லயே ஏறிருங்க. இத்தன நாள் தாங்குனது இன்னிக்கு ஒரு நாள் தாங்காதா? நாளைக்குக் கழட்டி மாத்திரலாம். ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல. கோட்டு மேல வைக்கச் சந்தனம் கூட இருக்கு, கரைச்சு வச்சது."

மனைவியின் கையில் சந்தன மூடி இன்னும் இருந்தது. அவள் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அக்கா எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். என் முன்னால் வந்து கையை நீட்டினார். கேட்கவில்லை, நீட்டினார். வேன் அவருடையது. சாவியைப் பிடித்துவைக்க நான் யார்? எடுத்துக் கொடுத்தேன். வேனின் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது, போக முடியவில்லை. மனைவி என் கையைப் பிடித்து நெரித்தாள்.

அக்கா சுற்றிப் போய், டிரைவர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். சாவி உள்ளே போகும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்ஜின் சத்தம் வரவில்லை. ஏதோ பிசின் விட்டு வருவது போல ஒரு சத்தம் வந்தது. கண்ணைத் திறந்தேன். அக்கா ஸ்டியரிங்கைப் பூட்டிவிட்டு, முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டியிருந்த 'பாடசாலைச் சேவை' மஞ்சள் பலகையை நகத்தால் நெம்பிப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு மூலை விட்டது, இன்னொரு மூலை விட்டது. பலகையோடு இறங்கினார். கதவைப் பூட்டினார். சாவியைத் திரும்ப என்னிடமே கொடுத்தார்.

"தங்கச்சி," என்றார் மனைவியிடம், "மலையால எறங்கி வர்ற தாய்மாரு இதுவழியா கேப்பாங்க. சக்கரம் வெடிச்சிருக்கு, அக்காவுக்குத் தெரியாம இவ்வளவு நாள் ஓடியிருக்கு, அப்புடின்னே சொல்லுங்க. மழுப்பாதீங்க. புள்ளைங்கள நான் பஸ்ஸுல கூட்டியாறேன்."

மேலிருந்து டவுனுக்கு இறங்கும் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. அங்கே பஸ் நிற்கும் தரிப்பிடம் கிடையாது. அக்கா பலகையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ரோட்டின் நடுவுக்கே போய் நின்றார். பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னவோ சிங்களத்தில் கத்தினார். கண்டக்டர், வேன் எங்கே அக்கா என்று கேட்டார். அக்கா முன்கதவால் ஏறினார். கண்ணாடி வழியாக எங்களுக்குத் தெரிந்தது. மஞ்சள் பலகையைப் பஸ்ஸின் முன்கண்ணாடியில், கீழே காத்து நிற்கும் பிள்ளைகளுக்குத் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்து, அது விழாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிரைவருக்குப் பக்கத்தில் நின்றவாறே போனார்.